பார்வைத் தூரம்

புதன்கிழமைகளில் யோருன் வருவார்
விமானம் இறங்கினால்.

இந்த ஃபியோர்டுக்குள் இறங்குவது
கிண்ணத்துக்குள் ஈ இறங்குவதுபோல:
மலையை உரசாமல் ஒருபக்கம் சாய்ந்து, திரும்பி.
காற்று ஒப்பாவிட்டால்
ரெய்க்யவிக்குக்கே திரும்பிவிடும்
தபால், தக்காளி, பல் மருத்துவர்,
சம்பளத்துக்குத் துக்கம் கேட்கிறவர்
எல்லாரோடும்.

ஓடுபாதையில் பனி தள்ளுவது என் வேலை.
ஆக, என்னை அழவைக்க வருகிறவருக்கு
விடிகாலை நாலு மணிக்கு எழுந்து
நானே வழி செய்து கொடுக்கிறேன்.
ப்ராகி இதைச் சொல்லிச் சிரித்தான்.
சிரித்ததற்காக ஒரு வாரம்
என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஊரார் துக்கம் விசாரித்து முடித்திருந்தார்கள்.
சூப் வந்த பாத்திரங்களைக் கழுவி
அடியில் ஒட்டியிருந்த பெயர் பார்த்துத்
திருப்பிக் கொடுத்தேன்.
கடைசிப் பாத்திரம் போன மறுநாள்தான்
வீடு காலியானது.

ஓர்லிகுர் கடலில் போகவில்லை.
கடலில் போனவர்களுக்கு இங்கே கல் உண்டு,
கல்லில் பெயர் உண்டு,
ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிறு உண்டு.
இவன் சமையலறையில் போனான்
மீன் வறுத்துக்கொண்டு, வானொலி கேட்டுக்கொண்டு.
வடகிழக்குக் காற்று, நொடிக்குப் பதினெட்டு மீட்டர்,
பனிப்பொழிவு, பார்வைத் தூரம்
அவள் எண்ணைச் சொல்வதற்குள்
தரையில் கிடந்தான்.

அதிலிருந்து வானிலை அறிக்கை தொடங்கினால்
அணைத்துவிடுவேன்.
பனி வண்டி ஓட்டுகிறவள்
வானிலை கேட்காமல் எப்படி?
ப்ராகி தன் வண்டிக்குள் கேட்டுவிட்டு
கண்ணாடி வழியே விரல்களால் காட்டுவான்.
மூன்று விரல். ஒரு விரல்.
மூடிய கை என்றால் ஒன்றும் தெரியாது, வீட்டுக்குப் போ.

குழந்தைகளுக்கு ஊசி போடுகிற அறையைத்தான்
யோருனுக்குக் கொடுத்திருந்தார்கள்.
எடைக்கருவி. காகிதம் விரித்த கட்டில்.
சுவரில் கண் பரிசோதனை அட்டை.
முதல் நாள் நாற்பது நிமிடமும்
அதையே படித்துக்கொண்டிருந்தேன்
கடைசி வரி வரைக்கும்.
'கண் நன்றாகத்தான் இருக்கிறது' என்றார்.
அடுத்த புதனுக்குப் பெயர் எழுதினார்.

அடுத்த புதன் விமானம் இல்லை.
அதற்கடுத்த புதனும்.
இல்லை என்று ஊரில் முதலில் தெரிவது எனக்குத்தான்;
ஆனாலும் போய் உட்கார்ந்தேன்.
எனக்கு அடுத்த நேரம் வாங்கியிருந்த
மீன் ஆலை போலந்துக்காரர் லெஷெக்கும் இருந்தார்
தொப்பியை முழங்காலில் மாட்டிக்கொண்டு.
'விமானம் இல்லை.'
'தெரியும்.'
என் நேரம் முடியும்வரை இருந்தோம்.
பிறகு அவர் நேரம் முடியும்வரை.

நாலாவது புதன்
சாய்ந்து, திரும்பி, இறங்கியது.
யோருன் படியில் வந்தார், முகம் வெளிறி,
கையில் மடித்த வாந்திப் பையோடு.
ஓடுபாதையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
தலையசைத்தார்.

அன்று சொன்னேன்.
சட்டி புகைந்தது.
நான் அடுப்பை அணைத்துவிட்டுத்தான்
அவனிடம் போனேன்.
முதலில் அடுப்பு. பிறகு அவன்.

'உன் தப்பில்லை' என்பார் என்று
பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.
அவர் கேட்டது:
'சட்டியில் எத்தனை துண்டு?'

மூன்று.
அவனுக்கு ஒன்று.
எனக்கு, பனி தள்ளிவிட்டு வருவேன் என்று,
இரண்டு.

எடைக்கருவிக்குப் பக்கத்தில் இருந்த
குழந்தைத் துணிகளில் ஒன்றை எடுத்து
மூக்கைச் சிந்தினேன். துவைத்துத் தர வேண்டும்.

மறுநாள் இருட்டில் வண்டியைக் கிளப்பினேன்.
வானொலி பேசியது, கை போகவில்லை.
தென்மேற்கு, ஆறு மீட்டர்.
பார்வைத் தூரம்
ஐந்து கிலோமீட்டர் என்றாள்.
சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டாள்.

எதிரே ப்ராகி பழக்கத்தில்
ஐந்து விரலை விரித்துக் காட்டினான்.
விளக்கை ஒருமுறை அணைத்துப் போட்டேன்:
கேட்டது.